ஊர் பார்க்கும் ஆண்மை

பெண்கள் மீதான வன்முறையைப் பற்றிப் பேச்சு எழும்போது கொங்குப் பக்கத்தில் பெரும்பாலும் மூன்று காரணங்களே சொல்லப்படுகின்றன. அவன் குடிகாரன், அவன் முன்கோபக்காரன், அந்தப் பெண்ணுக்கு வாய் அதிகம். இந்த மூன்றும் ஒரு வீட்டுக்குள் தொடங்கி அந்த வீட்டுக்குள்ளேயே முடிந்துவிடுகிற காரணங்கள் என்பதால், உறவுக்கும் ஊருக்கும் அதில் பங்கு எதுவும் இல்லை என்று நம்பிக்கொள்ள அவை வசதியாக இருக்கின்றன. இதைப் பல நாடுகளில் ஆராய்ந்தவர்கள் வேறொன்றைக் கண்டிருக்கிறார்கள். ஆண் இப்படி இருக்க வேண்டும், பெண் அப்படி இருக்க வேண்டும் என்று சுற்றியிருப்பவர்கள் வைத்திருக்கும் எதிர்பார்ப்பும், அதை மீறுகிற பெண்ணைத் தண்டிக்க ஆணுக்கு உரிமை உண்டு என்ற ஊர் ஒப்புதலும் எங்கே வலுவாக இருக்கின்றனவோ, அங்கே வன்முறையும் கூடுதலாக இருக்கிறது. அந்தத் தொடர்பு எப்படி வேலை செய்கிறது என்பதைப் புதிதாகக் கேட்பவருக்கும் விளங்கும்படி சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

உடலால் ஆணாகவோ பெண்ணாகவோ பிறப்பது பால். அந்த உடலுக்கு இன்ன உடை, இன்ன வேலை, இன்ன குரல், இன்ன நேரத்துக்குள் வீடு திரும்புதல் என்று சமூகம் வகுத்துக் கொடுப்பது பாலினம். முன்னது இயற்கை, பின்னது பழக்கம். ஆனால் மூன்று வயதிலிருந்தே கேட்டு வளர்வதால் பழக்கமும் இயற்கையைப் போலவே தோன்றத் தொடங்கிவிடுகிறது. முழங்கால் சிராய்த்து வந்த சிறுவனிடம் "ஆம்பளப் பையன் அழுகலாமா கண்ணு?" என்று கேட்கிறோம், திண்ணையில் உட்கார்ந்து உரக்கச் சிரித்த சிறுமியிடம் "அம்மணி, பொம்பளப் புள்ளைக்கு இதென்ன சிரிப்பு?" என்கிறோம். இரண்டுமே அன்போடு சொல்லப்படுபவை. அன்போடு சொல்லப்படுவதால்தான் அவை இவ்வளவு ஆழமாகப் பதிகின்றன.

இது பழக்கம்தான் என்பதற்குத் தொலைவில் சான்று தேட வேண்டியதில்லை. வீட்டில் அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்க்காத ஆண், கல்யாண மண்டபத்தில் ஐந்நூறு இலைக்குச் சமைத்துப் போடுகிறார். கிழிந்த சட்டைக்கு ஊசி எடுக்க மனைவியைக் கூப்பிடுகிறவர், திருப்பூர் பனியன் கம்பெனியில் நாளெல்லாம் உட்கார்ந்து தைக்கிறார். கூலியும் பெயரும் கிடைக்கிற இடத்தில் சமையலும் தையலும் ஆணுக்கு இழுக்காக இல்லை. கூலியில்லாமல் செய்ய வேண்டிய இடத்தில்தான் அவை பெண்ணின் பிறவிக் கடமை ஆகின்றன. 2019ஆம் ஆண்டில் இந்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, கூலியில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறார்கள். அவ்வேலையில் ஈடுபடுவதாகச் சொன்ன ஆண்கள் செலவிடுவது 97 நிமிடம்.

ஆண்மை என்று ஒன்றுதான் இருக்கிறது என்பதும் உண்மையில்லை. தோட்டத்துக் குடியானவரின் ஆண்மை, கோவை மென்பொருள் நிறுவன ஊழியரின் ஆண்மை, மாதாரி (அருந்ததியர்) இளைஞர் ஒருவருக்கு ஊர் அனுமதிக்கும் ஆண்மை ஆகியவை ஒரே அளவினவையல்ல. ஆஸ்திரேலியச் சமூகவியலாளர் ரேவின் கானெல் 1980களிலிருந்து விளக்கி வந்த கருத்து இங்கே உதவும். ஒரு சமூகத்தில் பலவகை ஆண்மைகள் இருந்தாலும் அவற்றுள் ஒன்று மட்டும் உச்சியில் வைக்கப்படுகிறது. அதை முழுமையாக எட்டுகிற ஆண்கள் மிகச் சிலரே என்றாலும் எல்லா ஆண்களும் அதைக் கொண்டே அளக்கப்படுகிறார்கள் என்பது அவர் வாதம். இதை ஆதிக்க ஆண்மை என்று தமிழில் எழுதுகிறார்கள். நம் பக்கத்தில் அந்த அளவுகோல் ஏறக்குறைய எல்லோருக்கும் தெரிந்ததுதான். சொத்தோ சம்பாத்தியமோ இருக்க வேண்டும், கலங்கக் கூடாது, வீட்டில் தன் பேச்சே கடைசிப் பேச்சாக இருக்க வேண்டும், வீட்டுப் பெண்கள் 'கட்டுக்குள்' இருக்க வேண்டும். இந்தத் தேர்வை நடத்துகிறவர்கள் யார் என்று பார்த்தால், பெரும்பாலும் மற்ற ஆண்கள். பங்காளிகள், மாமன் மச்சான்கள், பேக்கரியில் டீ குடிக்கும் கூட்டாளிகள், கூடப் படித்தவர்களின் வாட்ஸப் குழு. "அவனுக்கென்ன, பொண்டாட்டி சொன்னாத்தான் எந்திரிப்பான்" என்ற ஒரு கேலி, ஒரு மனிதனை மதிப்பெண் பட்டியலின் அடியில் கொண்டுபோய் வைத்துவிடுகிறது.

இங்கிருந்து வன்முறைக்குப் போகும் வழியைப் புரிந்துகொள்ளக் கோபத்தைச் சற்று உற்றுப் பார்க்க வேண்டும். சோமனூரிலோ குமாரபாளையத்திலோ தறிக்குடோனில் வேலை செய்கிற ஒருவரை முதலாளி நாலு பேர் முன்னால் திட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு ஆத்திரம் வருகிறது, ஆனால் அவர் முதலாளியை அடிப்பதில்லை. மாலையில் சோறு ஆறிப்போனதற்காக மனைவியை அடிக்கிறார். கோபத்தில் தன்னை மறந்துவிட்டார் என்று நாம் சொல்கிறோம். ஆனால் யாரை அடித்தால் வேலை போகும், யாரை அடித்தால் ஒன்றும் ஆகாது என்ற கணக்கு அந்தக் கோபத்துக்குள்ளேயே பிசகாமல் இருந்திருக்கிறது. பலர், வெளியே தெரியாத இடத்தில் காயம் படும்படி அடிப்பதும் இதனால்தான். பட்டறையில் குறைந்த மதிப்பை வீட்டில் ஈடுகட்ட முடியும் என்ற எண்ணத்தை அவருக்கு அளித்தது அவருடைய தனிக் குணம் மட்டுமன்று. மனைவி தனக்குக் கீழே என்று அவர் கற்றதும், அடித்தால் கேட்பார் இல்லை என்று அவர் பார்த்து வளர்ந்ததும் அதற்குள் இருக்கின்றன.

அந்த ஒப்புதலை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். 2019 முதல் 2021 வரை நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், கணவன் மனைவியை அடிப்பது சரியா என்று ஏழு சூழ்நிலைகளைச் சொல்லிக் கேட்டார்கள். சொல்லாமல் வெளியே போவது, வீட்டையோ பிள்ளைகளையோ கவனிக்காதது, எதிர்த்துப் பேசுவது, உடலுறவுக்கு மறுப்பது, சமையல் சரியில்லாதது, நடத்தையில் சந்தேகம், மாமனார் மாமியாரை மதிக்காதது ஆகியவை அந்த ஏழு. நாட்டளவில் பெண்களில் 45 விழுக்காட்டினரும் ஆண்களில் 44 விழுக்காட்டினரும் இவற்றில் ஒன்றிலாவது அடிப்பது நியாயம் என்றார்கள். பட்டியலை மறுபடி படித்தால், ஏழுமே பெண் செய்ய வேண்டியவை என்று எதிர்பார்க்கப்படுபவை என்பது தெரியும். அதே கணக்கெடுப்பில், திருமணமான பெண்களில் கணவனின் வன்முறையை எப்போதாவது அனுபவித்தவர்கள் இந்தியாவில் சுமார் 29 விழுக்காடு. தமிழ்நாட்டில் சுமார் 38 விழுக்காடு. கல்வியிலும் தொழிலிலும் முன்னே நிற்கும் மாநிலம் என்ற பெருமை இந்த எண்ணின் முன்னால் உதவவில்லை.

பெண்களில் இவ்வளவு பேர் அடியை நியாயம் என்கிறார்களே, பிறகு ஆண்களை மட்டும் ஏன் சொல்ல வேண்டும் என்ற கேள்வி இந்த இடத்தில் தவறாமல் வரும். கேள்வி நியாயமானதே. மருமகளை வாட்டுகிற மாமியாரும், "அவர் கையிலதான உன் பொழைப்பு, பொறுத்துப் போ அம்மணி" என்று மகளைத் திருப்பி அனுப்புகிற தாயும் கற்பனைப் பாத்திரங்கள் அல்லர். ஆனால் அவர்கள் காக்கிற விதி யாருக்குச் சாதகமானது என்று பார்க்க வேண்டும். தன் பெயரில் நிலமோ பணமோ இல்லாத ஒரு பெண்ணுக்கு, மகனைப் பெற்ற தாய் என்ற தகுதி ஒன்றுதான் வீட்டில் அதிகாரம் தரும் என்றால், அந்த அதிகாரத்தை அவர் மருமகள் மீதுதான் செலுத்த முடிகிறது. தமிழ்நாடு 1989இலேயே சட்டம் திருத்தி மகளுக்கும் பூர்விகச் சொத்தில் சமபங்கு தந்தது. அப்படியிருந்தும் சீர் செனத்தி செய்தாயிற்று, பவுன் போட்டாயிற்று என்று சொல்லி, பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் மகளிடம் கையெழுத்து வாங்கும் வழக்கம் நம் ஊர்ப் பத்திரப்பதிவு அலுவலகங்களில் இன்றும் புதிதில்லை.

மகனே வேண்டும் என்ற எண்ணம் எவ்வளவு தூரம் போனது என்பதை இந்தப் பகுதி மறக்க முடியாது. பெண் சிசுக்கொலையைத் தடுக்கத் தமிழக அரசு 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கிய இடம் சேலம். அன்று பிறக்கவிடாமலும் வாழவிடாமலும் செய்யப்பட்ட பெண்களின் குறை இன்று கொங்கு வீடுகளில் வேறு வடிவில் தெரிகிறது. முப்பத்தைந்து கடந்தும் பெண் அமையாத மகனுக்காகத் தரகர் மூலம் கேரளத்தில் பெண் தேடிப்போகும் குடும்பங்களை எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

வன்முறை என்றால் அடி உதை மட்டுமே என்று நினைப்பதும் தொடக்கத்திலேயே விட வேண்டிய பழக்கம். 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2006 அக்டோபர் 26 அன்று நடைமுறைக்கு வந்தது. உடல் வழியானது, பாலியல் வழியானது, சொல்லாலும் மனத்தாலும் வதைப்பது, பொருளாதார வழியானது என நான்கு வகையை அது வன்முறையாக ஏற்கிறது. நான்காவது வகைதான் தொழில் நகரங்களில் மிகுதி என்பது என் எண்ணம். சனிக்கிழமைச் சம்பளத்தை அப்படியே கணவன் கையில் கொடுக்க வேண்டும், ஏடிஎம் அட்டை அவன் பையில் இருக்க வேண்டும், பேருந்துக் கூலிக்கும் கேட்டு வாங்க வேண்டும் என்றால், அவள் சம்பாதிப்பதால் அவளுக்கு வலிமை வந்துவிட்டது என்று சொல்ல முடியாது. நூற்பாலைகளில் சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் நடந்ததும் இதன் உறவுதான். மூன்று ஆண்டுகள் விடுதியில் தங்கி வேலை செய்தால் இறுதியில் திருமணச் செலவுக்கென்று மொத்தத் தொகை கிடைக்கும் என்ற உறுதியில், பல மாவட்டங்களிலிருந்து ஏழைச் சிறுமிகள் அழைத்துவரப்பட்டார்கள். வரதட்சணை என்ற எதிர்பார்ப்பு அப்படியே வேலை ஒப்பந்தமாக மாறியது. சொல்லால் வதைப்பதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. வாசலுக்கு வந்த அயலாரை "வாங்க, உக்காருங்க, தண்ணி குடிங்க" என்று அழைக்கிற அதே நாக்கு, உள்ளே திரும்பி மனைவியிடம் எப்படிப் பேசுகிறது என்பதை அந்த அயலாரும் கேட்டிருப்பார்.

பெண்ணின் உடலில்தான் குடும்பத்தின் மானமும் சாதியின் மானமும் இருக்கிறது என்ற எதிர்பார்ப்பு இவற்றுள் கொடியது. முறைப்பையன், முறைப்பெண் என்று குழந்தைப் பருவத்திலேயே கேலி பேசுவது இனிமையான வழக்கம்தான். ஆனால் அந்தப் பெண் வளர்ந்து வேண்டாம் என்று சொல்லும்போது, தனக்கு உரியது பறிபோனதாக ஒருவன் உணர்வதும் அந்தக் கேலியிலேயே தொடங்குகிறது. வேண்டாம் என்று சொல்லும் உரிமை அவளுக்கு இல்லாதபோது, வேண்டும் என்று சொல்லும் உரிமை எப்படி இருக்கும்? 2015 ஜூன் மாதம், பாதி ஆணும் பாதி பெண்ணுமாய்த் தெய்வம் நிற்கிற திருச்செங்கோட்டு மலைக்கோயிலில் வேறு சாதித் தோழியுடன் பேசிக்கொண்டிருந்த தலித் பட்டதாரி இளைஞர் ஒருவர் கடத்திக் கொல்லப்பட்டார். 2022இல் அந்த வழக்கில் 10 பேர் தண்டிக்கப்பட்டனர். 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டை பேருந்து நிலையம் அருகே, சாதி மாறி மணந்த இணையரைப் பட்டப்பகலில் வெட்டினார்கள். கணவர் இறந்தார், மனைவி படுகாயத்துடன் பிழைத்தார். வீட்டுக்குள் நடக்கும் அடி மறைக்கப்படுகிறது; உடுமலைப்பேட்டையில் நடந்தது போன்ற கொலையோ மறைக்கப்படுவதே இல்லை, ஊர் பார்க்க வேண்டும் என்பதற்காகவே அது செய்யப்படுகிறது.

2019இல் வெளிவந்த பொள்ளாச்சி பாலியல் வழக்கையும் இதே இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஆண்கள் கூட்டாக இருந்து பெண்களைச் சிதைத்து, அதைப் படம் பிடித்து, அந்தப் படத்தைக் காட்டியே மிரட்டினார்கள். படம் வெளியானால் மானம் போவது தங்களுக்கு அன்று, அந்தப் பெண்களுக்குத்தான் என்று அவர்கள் உறுதியாக நம்பினார்கள். அந்த நம்பிக்கையை அவர்களுக்குத் தந்தது நாம். 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை சிறைத்தண்டனை விதித்தது. பாதிக்கப்பட்ட பெண்கள் சாட்சி சொல்ல முன்வந்ததால்தான் அது நடந்தது.

குடி பற்றி ஒரு வார்த்தை. குடி வன்முறையைக் கூட்டுகிறது, கடுமையாக்குகிறது, அதில் ஐயமில்லை. 1921இல் ஈரோட்டில் கள்ளுக்கடை மறியலுக்குப் பெரியாரின் மனைவி நாகம்மையாரும் சகோதரி கண்ணம்மாளும் தெருவில் இறங்கியது முதல் டாஸ்மாக் எதிர்ப்புப் போராட்டங்கள் வரை பெண்கள் இதைச் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். ஆனால் குடித்தவர் எல்லோரும் அடிப்பதில்லை. அடிக்கிற பலர் குடிப்பதில்லை. குடித்தவரும், நாம் பார்த்த தறிக்காரரைப் போலவே, யாரை அடிக்கலாம் என்பதை மறப்பதில்லை. கடையை மூடினால் காயங்கள் குறையலாம், அடிக்க உரிமை உண்டு என்ற எண்ணம் அதனால் மட்டும் குறையாது. அதே ஈரோட்டிலிருந்து வெளிவந்த குடிஅரசு இதழில், ஆண்மை என்ற கருத்து அழியாமல் பெண்ணுக்கு விடுதலை இல்லை என்று பெரியார் 1920களிலேயே எழுதினார். எழுதியவரின் சிலைக்கு மாலை போடுகிறோம். கருத்தோ எழுதிய இடத்திலேயே கிடக்கிறது.

இந்த ஆண்மை ஆண்களுக்கும் விலை வைத்திருக்கிறது. இந்தியாவில் ஆண்டுதோறும் தற்கொலையால் இறப்பவர்களில் ஏறத்தாழப் பத்துக்கு ஏழு பேர் ஆண்கள். கடன் கழுத்தை நெரிக்கும்போது மனைவியிடம்கூடச் சொல்லாமல் முடிவெடுக்கிற தொழில்முனைவோரையும் விவசாயியையும், கலங்கக் கூடாது என்ற விதியிலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது. மென்மையாக நடக்கிற பையனையும் திருநங்கையரையும் ஊர் படுத்துகிற பாடும் அதே விதியின் வேலை. இதைச் சொல்வது இரு பக்கமும் துன்பம் சமம் என்று காட்டுவதற்காக இல்லை. இந்த விதி மாறுவதில் ஆண்களுக்கும் சொந்த நலன் உண்டு என்பதற்காக.

இனி, தடுப்பு. நடந்த பிறகு தண்டிப்பது ஒன்று. நடக்காமல் செய்வது வேறொன்று. ஆண்களை இதற்குள் கொண்டுவரும் முயற்சிகளில் முன்னோடியாகச் சொல்லப்படுவது கனடாவின் வெள்ளை ரிப்பன் இயக்கம். 1989 டிசம்பர் 6 அன்று மான்ட்ரியால் பொறியியல் கல்லூரியில் ஒருவன் 14 பெண்களைச் சுட்டுக் கொன்றதை அடுத்து, 1991இல் ஆண்களே அதைத் தொடங்கினார்கள். சட்டையில் ரிப்பன் குத்துவதும், பெண்கள் மீதான வன்முறை ஒழிப்பு நாளான நவம்பர் 25 அன்று உறுதிமொழி எடுப்பதும் கெடுதல் இல்லை. ஆனால் ஒருநாள் உறுதிமொழியால் ஒரு வீட்டுப் பழக்கம் மாறும் என்று நான் எதிர்பார்க்கமாட்டேன். நெடுநாள் நடந்த வேலைதான் பலன் தந்திருக்கிறது. உகாண்டாவின் கம்பாலா நகரில் சாசா என்ற திட்டம், உள்ளூர்க்காரர்களையே பயிற்றுவித்து, தெருவிலும் கடையிலும் அதிகாரத்தைப் பற்றி ஆண்டுக்கணக்கில் பேசவைத்தது; 2014இல் வெளியான ஆய்வின்படி, திட்டம் நடந்த பகுதிகளில் துணைவரின் உடல் வன்முறை மற்றப் பகுதிகளைவிட ஏறத்தாழப் பாதியாக இருந்தது. கலிபோர்னியாவின் உயர்நிலைப் பள்ளிகளில் விளையாட்டுப் பயிற்சியாளர்களே தம் அணிப் பையன்களிடம் வாரந்தோறும் சில நிமிடம் இதைப் பற்றிப் பேசியதில், நண்பன் ஒரு பெண்ணை இழிவாக நடத்தும்போது குறுக்கே பேசுகிற பையன்கள் கூடினார்கள். அந்த முறையை மும்பையில் கிரிக்கெட் பயிற்சியாளர்களைக் கொண்டு செய்துபார்த்தார்கள். இரண்டிலும், பையன் யாருடைய மதிப்புக்கு ஏங்குகிறானோ அவர் வாயிலிருந்தே சொல் வந்தது. நம் ஊரில் அந்த இடத்தில் இருப்பவர்கள் கபடி அணியின் மூத்த ஆட்டக்காரர், கோயில் நோம்பிக் குழுவின் இளைஞர்கள், பனியன் கம்பெனி மேஸ்திரி, தாய்மாமன்.

அவர்கள் என்ன பேச வேண்டும் என்பதில் ஒரு பிழை அடிக்கடி நேர்கிறது. "ஒவ்வொரு பெண்ணையும் உன் அக்கா தங்கச்சியா நினை", "பெண்ணைக் காப்பதுதான் ஆம்பளைக்கு அழகு" என்ற அறிவுரைகள் நல்லெண்ணத்தோடு சொல்லப்படுகின்றன. ஆனால் காவல்காரர் என்ற உரிமையை ஒருவருக்குக் கொடுத்துவிட்டால், யாரோடு பேசலாம், எத்தனை மணிக்குத் திரும்பலாம் என்று தீர்மானிக்கும் உரிமையும் அதோடு சேர்ந்து போய்விடுகிறது. அண்ணன் தங்கையை எப்படி நடத்துகிறான் என்பதே பல வீடுகளில் சிக்கலாக இருக்கும்போது, தங்கையைப் போல நினை என்பது எப்படித் தீர்வாகும்? யாருக்கும் அக்காவாகவோ மகளாகவோ இல்லாவிட்டாலும் அவள் ஒரு மனிதர், அவள் முடிவு அவளுடையது என்று சொல்லிக் கொடுப்பது கடினம்தான். பயன் தருவது அதுதான்.

வேலையிடத்துக்குச் சட்டம் தெளிவான வழி வைத்திருக்கிறது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த இடத்திலும் பாலியல் தொல்லை குறித்த புகாரை விசாரிக்க உள்ளகக் குழு இருக்க வேண்டும் என்கிறது 2013ஆம் ஆண்டின் சட்டம். அதைவிடச் சிறிய ஜாப் ஒர்க் யூனிட்டுகளில் இருப்பவர்கள் மாவட்ட அளவிலான குழுவிடம் புகார் தரலாம். குழு காகிதத்தில் மட்டும் இருக்கிறதா என்று கேட்பது ஆண் தொழிலாளிகளின் வேலையும்கூட.

பக்கத்து வீட்டுச் சத்தம் கேட்கும்போது என்ன செய்வது என்பதுதான் பலருக்கும் உள்ள நடைமுறைக் கேள்வி. மேற்சொன்ன தேசியக் கணக்கெடுப்பில், வன்முறைக்கு ஆளான பெண்களில் எங்காவது உதவி கேட்டவர்கள் வெறும் 14 விழுக்காடு; எனவே அவள் வந்து சொல்லட்டும் என்று காத்திருப்பதில் பயனில்லை. ஆபத்தில்லை என்று தோன்றினால், ஏதாவது ஒரு சாக்கில் கதவைத் தட்டுவதே அந்த நேரத்து அடியை நிறுத்தக்கூடும். மறுநாள் அவர் தெளிவாக இருக்கும்போது, அவர் மதிக்கிற ஆண் ஒருவர் தனியே அழைத்து, "ராத்திரி நடந்தது எங்களுக்குக் கேட்டுதுங்க, இது சரியில்லீங்க" என்று சொல்வது, ஊர் தன் பக்கம் என்ற அவர் நம்பிக்கையை அசைக்கும். அந்தப் பெண்ணிடம், புகார் கொடுத்தே ஆக வேண்டும் என்றோ, குடும்பத்தைக் கெடுத்துக்கொள்ளாதே என்றோ நாம் முடிவு சொல்லக் கூடாது. 181 என்ற உதவி எண் இரவு பகலாக இயங்குகிறது, ஒவ்வொரு மாவட்டத்திலும் குடும்ப வன்முறைப் புகார்களைக் கவனிக்கும் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார், கணவன் பெயரில் வீடு இருந்தாலும் அங்கே வசிக்கும் உரிமை அவளுக்கு உண்டு என்ற தகவல்களைச் சொல்லிவைக்கலாம். அவள் உயிருக்கே ஆபத்து என்று தோன்றினால் காத்திருக்காமல் காவல்துறையை அழைக்க வேண்டும். தகவல் தருகிறவருக்கு வம்பு வருமே என்ற அச்சத்துக்கும் சட்டத்தில் பதில் உண்டு. குடும்ப வன்முறைச் சட்டத்தின் 4ஆம் பிரிவின்படி, வன்முறை நடந்திருக்கிறது அல்லது நடக்கப்போகிறது என்று நம்பக் காரணமுள்ள எவரும் பாதுகாப்பு அலுவலரிடம் தெரிவிக்கலாம். நல்லெண்ணத்தில் தெரிவித்தவர் மீது உரிமையியல் வழக்கோ குற்றவியல் வழக்கோ தொடர முடியாது.